மின்னலைப் படிக்க விரும்பும் மகள்: தங்கச்சிமடத்துத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

"கடலில் நாங்கள் பார்த்துப் பயப்படுகிற மின்னலைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை இருட்டில் பாக் நீரிணையில் படகு ஓட்டியவரின் கேள்வி இது. அதனால் அவசரப்படாமல், விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

பள்ளியில் நடந்த வழிகாட்டி முகாமில் உங்கள் மகள் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். மின்னல் தெரிந்த நேரம், இடி கேட்கும் வரை எண்ணிய விநாடிகள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று போட்ட கணக்கு எல்லாம் பென்சிலில் வரிசையாக இருந்தன. ஓரத்தில், தாத்தாவின் ரேடியோவில் இலங்கை வானொலி கேட்கும்போது, மின்னல் வெட்டுகிற அதே நொடியில் கரகரவென்று சத்தம் வருவதாகவும் குறித்திருந்தாள். மின்னல் வெளியிடும் ரேடியோ அலைதான் அந்தக் கரகரப்பு. பல நிலையங்கள் அதே அலையைப் பிடித்து, அது ஒவ்வோர் இடத்துக்கும் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு மின்னல் விழுந்த இடத்தைக் கணிக்கின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இப்படியொரு வலையமைப்பை நடத்துகிறது. அதன் தகவலைக் கொண்டு எச்சரிக்கும் 'தாமினி' செயலியை உங்கள் கைப்பேசியில் இன்றே ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்தத் துறைக்கு வளிமண்டல, விண்வெளி மின்னியல் என்று பெயர். மழையில்லாத நாளிலும் தரையருகே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. உலகெங்கும் பெய்யும் இடிமழைகள் சேர்ந்து பூமிக்கும், வளிமண்டலத்தின் உச்சியில் மின்சாரம் கடத்தும் அடுக்கான அயனி மண்டலத்துக்கும் இடையே ஒரு பெரும் மின்சுற்றை இயக்குவதால் இது நிகழ்கிறது. இதை அளக்கும் இடம் எங்கோ வெளிநாட்டில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமையும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் நடத்துகிறது. ஊட்டியில் உள்ள டாடா ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று மேலே வந்த ஓர் இடிமேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களைக் கொண்டு கணக்கிட்டது. 2019இல் வெளியான அந்த முடிவை உலகமே கவனித்தது.

துறை இன்னும் இளமையாகவே இருக்கிறது. இடிமேகத்துக்கு மேலே செந்நிறமாய்ப் பளிச்சிடும் ஒளி முதன்முதலில் படக்கருவியில் பதிவானதே 1989இல்தான். இடிமழையிலிருந்து காமாக் கதிர் கிளம்புவது 1994இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் டிசம்பர் மாநாட்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரில் சிறப்புரை நடக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களும் அங்கே தங்கள் அளவீடுகளைச் சுவரொட்டியாக வைத்து விளக்கலாம். சிறிய சமூகம் என்பதால், பாடப்புத்தகத்தில் பெயர் வரும் அறிஞரே நேரில் வந்து அந்தச் சுவரொட்டி முன் நின்று கேள்வி கேட்பார். அந்த வாய்ப்பைப் பெரிய துறைகளில் நான் அதிகம் கண்டதில்லை.

குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். சமூகம் சிறியது என்றால் வேலைகளும் குறைவுதான். முனைவர் பட்டம் முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நிரந்தர ஆய்வாளர் பணி எல்லா ஆண்டும் வராது. ஆகவே, 'மின்னல் படிப்பு' என்று இளநிலையில் தேடி அலையாமல் இயற்பியலில் சேருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி போதும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் முதுநிலைக்கு முயலட்டும். பிறகு நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்று, முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அத்துடன் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். நீங்கள் கேட்ட சம்பளம் அங்கே தொடங்குகிறது, ஐயா.

இடையில் நிற்க நேர்ந்தாலும் இயற்பியல் கைவிடாது. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் தேர்வு இருக்கிறது, பி.எட். முடித்து ஆசிரியராகும் வழியும் இருக்கிறது. கணினி நிரலாக்கத்தை மட்டும் இப்போதே அவள் பழகட்டும். இத்துறையில் தரவு மலைபோல் குவிகிறது, அதைப் பிரித்துப் படிப்பதே பாதி வேலை.

நோட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: மின்னல் எந்தத் திசையில் தெரிந்தது, அப்போது வாடையா கொண்டலா. காற்றைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர உங்களைவிடச் சரியானவர் இல்லை. மொட்டை மாடியிலோ கரையிலோ நின்று எண்ண வேண்டாம், வீட்டுக்குள் இருந்தே எண்ணட்டும். மதிப்பெண் பட்டியல் வந்ததும் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள், விண்ணப்பங்களை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.