வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் மாற்றினால் நெட் வேகம் கூடுமா? எப்படி மாற்றுவது?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் வீடு, ஃபைபர் இணைப்பு, வீடியோ நின்று நின்று ஓடுகிறது, டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 ஆக்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. டிஎன்எஸ் என்பது ஒரு சர்வர். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரி எண்ணைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வீடியோ அந்த சர்வர் வழியாக வருவதில்லை. பக்கம் திறக்கத் தொடங்கும் நேரத்தில் சில மில்லிசெகண்டு மிச்சமாகலாம், அவ்வளவுதான்.

எந்தத் தளமுமே திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்மேல் சந்தேகப்படலாம். அதற்கும் முதலில் சோதித்துப் பாருங்கள். கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 கொடுங்கள். அடுத்து அதே போல ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் கோளாறு டிஎன்எஸ்ஸில். இரண்டுக்கும் பதில் இல்லை, மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் வயர் போயிருக்கிறது. நம்ம பக்கத்தில் ஆனி, ஆடி மழைக்கு ரப்பர் விளைக்குள் கொம்பு முறிந்து வயர்மேல் விழுவது சாதாரணம். லைன்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆனாலும் டிஎன்எஸ்ஸை மாற்றச் சொல்வேன், வேகத்துக்காக இல்லை, பாதுகாப்புக்காக. நம்ம மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனை! வங்கிக் கணக்கு முடங்கிவிடும், கேஒய்சி புதுப்பியுங்கள் என்று வருகிற போலி லிங்கைத் தொடுவது அவர்கள்தான். க்வாட்9 என்கிற இலவச சேவை, மோசடித் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு எண்ணே சொல்லாது. அதன் எண்கள் 9.9.9.9, 149.112.112.112. நேற்று முளைத்த மோசடித் தளம் இதிலும் தப்பலாம், அதனால் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 கொள்ளாம். ஆபாசத் தளங்களையும் அது தடுக்கும். கூகுள் 2009 முதல் தருகிற 8.8.8.8 நம்பகமானதுதான், ஆனால் இந்த வடிகட்டும் வேலை அதில் கிடையாது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ். வயர் செருகியிருந்தால் இந்தக் கடைசி இரண்டுக்கும் பதில் ஈதர்நெட். டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்பதற்கு நேரே எடிட் அழுத்தி, ஆட்டோமேட்டிக் இருப்பதை மேனுவல் ஆக்கி, ஐபிவி4ஐ ஆன் செய்து, இரண்டு எண்களையும் போட்டு சேவ் செய்யுங்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே நிறுவனத்தின் எண்கள் இருக்கட்டும். மேலே 9.9.9.9, கீழே 8.8.8.8 என்று கலந்து போட்டால், கம்ப்யூட்டர் சில சமயம் கீழே உள்ளதைக் கேட்டுவிடும், வடிகட்டி வைத்ததே வீண்.

பலர் விட்டுவிடுவது ஐபிவி6, அதாவது ஐபி எண்ணின் புதிய வகை. உங்கள் இணைப்பில் அது இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வழியாகப் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் அதே பக்கத்தில் ஐபிவி6ஐயும் ஆன் செய்து, நீங்கள் எடுத்த சேவையின் ஐபிவி6 எண்ணை அவர்களுடைய தளத்திலேயே பார்த்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போகிற தளங்களின் பெயரெல்லாம் அந்த சர்வர்காரனுக்குத் தெரியும். கெட்டவன் கையில் இருந்தால் வங்கியின் பெயரைக் கேட்கும்போது போலித் தளத்தின் எண்ணைக் கொடுப்பான்.

மோடத்தில் கை வைக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் மாற்றினால் போதும். நெட் கம்பெனி தந்த டிவி பெட்டி சில வீடுகளில் அவர்களுடைய டிஎன்எஸ் இருந்தால்தான் ஓடும். மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் ஏதாவது திறக்கவில்லை என்றால், மேனுவலைத் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்கினால் பழையபடி வந்துவிடும்.