மெரூன் வந்த வழி

கேள்வி: மெரூன் நிறத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: ஒரு கொட்டையிலிருந்து! பிரெஞ்சில் 'மரோன்' என்றால் செஸ்ட்நட். அதுவும் இத்தாலிய 'மரோனே'யிலிருந்து போனதுதான். ஆங்கிலம் அதை வாங்கி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறத்துக்குப் பெயராக்கிவிட்டது. செஸ்ட்நட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் பழுப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக ஒரு செம்மை. அந்தச் செம்மையை மட்டும் ஆங்கிலம் பிடித்துக்கொண்டது போலும். பிரெஞ்சுக்காரரிடம் 'மரோன்' கேட்டுப் பாருங்கள், பழுப்பைத்தான் நீட்டுவார். நம் மெரூன் அவருக்கு 'போர்தோ', அதாவது ஒயினின் பெயர். அப்புறம், ஆங்கிலத்தில் இதே 'மெரூன்' என்ற பெயரில் ஒரு வெடியும் உண்டு. நெருப்பில் போட்ட செஸ்ட்நட் படாரென்று வெடிக்குமே, அந்தச் சத்தம் கொடுத்த பெயர்.