மெயின்பிரேம் பிராசசரில் அப்படி என்ன விசேஷம்?

மெயின்பிரேம் (வங்கி போன்ற இடங்களில் ஓடும் பெரிய கணினி) பற்றி, “ஒரு சிப்பில் எட்டே கோர் (கட்டளைகளைச் செய்யும் தனித்தனிப் பகுதி); அதற்கா இத்தனை விலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஓ.எம்.ஆரில் கோபால் (COBOL) என்ற புரோகிராம் மொழியில் எழுதிப் பிழைக்கிறேன் (வீட்டில் அதை யாரோ நண்பர் பெயர் என்றே நினைக்கிறார்கள்). கோரை எண்ணினால் இது பிடிபடாது.

முக்கியம், பிழையைச் சமாளிக்கும் விதம். ஐபிஎம்மின் மெயின்பிரேம் வரிசையான இசட்டின் பிராசசர் வேலையின் நடுவே தன் நிலையைத் தனியே பத்திரப்படுத்திக்கொண்டே போகும். எங்காவது ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டது தெரிந்தால், பின்னால் போய் அந்தக் கட்டளையை மறுபடி செய்யும். அப்போதும் சரிவராவிட்டால் வேலை அப்படியே உதிரி கோருக்கு மாறும். ஓடுகிற புரோகிராமுக்கு விஷயமே தெரியாது.

அப்புறம் காசுக் கணக்கு. கணினியின் பைனரியில் (0, 1 மட்டுமே கொண்ட எண்முறை) 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். வங்கிக்கு இது ஆகுமா? அதனால்தான் 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மெயின்பிரேம் காலத்திலிருந்தே தசம எண்ணைத் தசமமாகவே கூட்டும் கட்டளைகள் உண்டு. 12345 என்றால் இலக்கத்துக்கு அரை பைட், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. மூன்று பைட்டில் முடிந்தது. ஐஐடி மெட்ராஸில் 1970-களில் ஓடிய ஐபிஎம் 370/155 மெயின்பிரேமிலும் இதே கதைதான்.

நீங்கள் சொன்ன எட்டு கோர் சிப் டெலம், 2022-இல் இசட்16 மெயின்பிரேமுடன் வந்தது. அதில் கோர் ஒவ்வொன்றுக்கும் 32 எம்பி இரண்டாம் நிலை கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). உங்கள் லேப்டாப்பில் எவ்வளவு என்று பாருங்கள்.