மேஜிக் ஷோவுக்குத் தீம் எப்படிப் பிடிப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்தத் தீமில் செய்வது, எந்த ஸ்டைல் எனக்குப் பொருந்தும்" என்பதைச் சுற்றியே இருந்தன. புதிதாக என்ன கருவி வாங்கலாம் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இப்போது தீம், ஸ்டைல் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருப்பது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வித்தைகளின் ரகசியம் எதையும் இங்கே உடைக்கவில்லை.

எனக்குக் கயிறு, கைக்குட்டை, சீட்டு, நாணயம், வளையம் என்று பத்துப் பன்னிரண்டு ஐட்டம் தெரியும். தனித்தனியாக நன்றாக வருகிறது. சேர்த்துச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தீம் எங்கிருந்து பிடிப்பது? (கல்லூரி மாணவர், மதுரை)

தீம் என்றதும் பேனர், உடை, பின்னணித் திரை என்று போய்விடாதீர்கள். "இந்த ஆள் ஏன் இதைச் செய்கிறார்?" என்று பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி எழும். அதற்கு நீங்கள் தரும் பதில்தான் தீம். பதில் மாறினால் வித்தையே மாறிவிடும்.

1830 வாக்கில் சென்னையில் ஒரு பிராமணர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். ஆங்கிலேயர்கள் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு கை மட்டும் தண்டின் மேல் லேசாகப் பட்டிருக்கும். காலை மடித்துத் தரைக்கு மேலே அமர்ந்து ஜபமாலை உருட்டுவார். பார்த்தவர்களுக்கு அது தவத்தின் சக்தி. 1847இல் பாரிஸில் ராபர்ட் ஊதன் என்ற கடிகாரக் கலைஞர் தன் சிறு பையனை ஒரு கோலின் மேல் சாய்த்து அந்தரத்தில் படுக்கவைத்தார். அதற்கு முந்தைய வருடம்தான் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்ற செய்தி வெளிவந்து, ஊரெல்லாம் அதே பேச்சு. ஊதன் அதைப் பிடித்துக்கொண்டார். ஈதரை முகர்ந்தால் உடம்பு காற்றைப்போல் லேசாகிவிடும் என்று மேடையில் சொல்லி, அரங்கத்தில் ஈதர் வாசனையும் பரவ வைத்தார். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு இடத்திலும் அந்தரத்தில் நிற்கும் உடம்புதான். சென்னையில் அதற்குக் காரணம் தவம், பாரிஸில் விஞ்ஞானம்.

இப்போது உங்கள் கயிறு. வெட்டிய கயிறு ஒட்டிக்கொண்டது என்றால் "எப்படி?" என்பதைத் தவிர யாருக்கும் வேறு அக்கறை வராது. அதையே ஹாஸ்டல் கொடிக்கயிறு ஆக்கிப் பாருங்கள். அறையில் இரண்டு பேர், ஒரே கயிறு. யார் துணி காயப்போடுவது என்று சண்டை. "சரி, பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று வெட்டுகிறீர்கள். இரண்டு பாதியையும் நீட்டிப் பார்த்தால் எதுவும் எதிர்ச்சுவர் ஆணிவரை எட்டவில்லை. இரண்டு பேரும் சமாதானமாகி முனைகளைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள், கயிறு முழுசாகிறது. கைக்குட்டை அந்தக் கொடியில் காயும் துணி. நாணயம் மாதக் கடைசியில் மிஞ்சிய காசு. சீட்டு ராத்திரி விளையாட்டு. பாருங்கள், தீம் பிடித்தாயிற்று: ஒரு ஹாஸ்டல் அறை. வளையத்துக்கு அங்கே வேலை இல்லை. எவ்வளவு நன்றாக வந்தாலும் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கஷ்டப்பட்டுப் பழகியதை விட மனசு வராது, அதைச் செருகுவதற்காகவே கதையை வளைப்பார்கள்.

பன்னிரண்டும் வேண்டாம், ஐந்து போதும். பேச்சே தேவைப்படாமல் சட்டென்று கண்ணைப் பிடிப்பது முதலில், உங்களிடம் இருப்பதிலேயே பலமானது கடைசியில்.

ராஜா உடை, தலைப்பாகை வாங்கலாமா, கோட் தைக்கலாமா? (ஈரோடு)

வங்காளத்தின் பி.சி. சர்க்கார் (1913–1971) மகாராஜா உடையில் உலகம் சுற்றினார்; ஷோவுக்கு இந்திரஜாலம் என்று பெயர். லண்டனிலோ டோக்கியோவிலோ உட்கார்ந்திருந்தவருக்குத் திரை விலகியதும் கண்முன் ஒரு தூரதேசம் விரிய வேண்டும். அந்த உடையும் பெயரும் மேடை அமைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணைச் சுழலும் ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுந்திருக்காத நிலையிலேயே நேரம் முடிந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். அவள் செத்தே போனாள் என்று பயந்து ஜனங்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். அந்த மனிதரின் தோரணை அவர்களை அந்த அளவுக்கு நம்பவைத்திருந்தது.

ஈரோட்டில் கதை வேறு. நீங்கள் போகிற வரவேற்பில் மாப்பிள்ளையே ஷெர்வானியும் தலைப்பாகையுமாக நிற்பார். கோட் நல்லதுதான், பை நிறைய இருக்கும். ஆனால் கறுப்புக் கோட் கறுப்புத் திரைக்கு முன்னால் கரைந்துபோய்க் கையும் முகமும் மட்டும் தெரியும். எனக்குப் பிடித்தது வேட்டியும், முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையும். ஒளித்துவைக்க இடமே இல்லை என்று பார்ப்பவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அதற்கேற்ற ஐட்டங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், வேலை கூடுதல், ஆனால் கைதட்டலும் கூடுதல். எதைத் தைத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து, உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி முழு ஒத்திகை பாருங்கள்.

பள்ளி ஆண்டுவிழாவுக்குச் 'சீன மாயாவி' வேஷம் யோசித்திருக்கிறோம். கண்ணை இழுத்து மேக்கப், புரியாத மொழியில் மந்திரம். சரியா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

வேண்டாம். இன்னொரு இனத்தின் முகத்தையும் பேச்சையும் வேஷமாகப் போடுவது அவர்களைக் கேலி செய்வதுதான். பிள்ளைகளுக்கு மேடையில் அதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது. மேஜிக் வரலாற்றில் இதைச் செய்தவர்களில் மிகப் பிரபலமானவர் சுங் லிங் சூ. நிஜப் பெயர் வில்லியம் ராபின்சன், அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீனக் கலைஞரைப் பார்த்துப் பெயர், உடை, வித்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். 1918 மார்ச்சில் லண்டனில், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் நிஜமாகவே குண்டு பாய்ந்தபோதுதான் மேடையில் ஆங்கிலம் பேசித் திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் இறந்துபோனார்.

உங்கள் ஊரிலேயே என்ன குறை? தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை இருக்கிறது. பொம்மைக் கடை என்று வையுங்கள். கடைக்காரர் கண் அசரும்போதெல்லாம் பொம்மைகள் சேட்டை செய்கின்றன. பத்துப் பிள்ளைகளுக்கு வேஷம் கிடைக்கும்.

எனக்குச் சரளமாகப் பேச வராது. தமிழ், மலாய், சீனம் பேசுபவர்கள் எல்லாம் கலந்து வரும் குடியிருப்பு விழா. பேசாமலே செய்யலாமா? (கோலாலம்பூர்)

தாராளமாக. ஆனால் வாயை மூடிக்கொண்டால் மட்டும் அது ஸ்டைல் ஆகிவிடாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கார்டினி என்றொருவர் இருந்தார், வேல்ஸில் பிறந்தவர். ஒரு கண்ணுக்கு மட்டும் மாட்டும் கண்ணாடி, வெள்ளைக் கையுறை, கொஞ்சம் போதையேறிய கனவான் பாத்திரம். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் விரல் நுனியில் சீட்டு முளைத்துக்கொண்டே இருக்கும்; இது என்ன தொல்லை என்று அவரே விழிப்பார். "நான் எவ்வளவு கெட்டிக்காரன் பார்" என்று ஒரு இடத்திலும் காட்டிக்கொள்ள மாட்டார். அவருக்கு ஏதோ நடக்கிறது, நாம் பார்க்கிறோம். பேசாத வித்தைக்கு அந்தப் பாத்திரம்தான் உயிர். உங்களுக்குப் பேசக் கூச்சம் என்றால் கூச்சப்படுகிற ஒருவராகவே மேடையேறுங்கள். பைக்குள் கைவிட்டால் கேட்காததெல்லாம் வருகிறது, அவர் பதறி ஒளிக்கிறார். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

இசை வரி இல்லாததாக இருக்கட்டும், பாட்டு ஓடினால் காது அதன் பின்னால் போய்விடும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இசையின் முடிவில் அரை நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், கை தாமதித்தால் காப்பாற்றும். சவுண்டுக்காரர் கையில் எப்போது போட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் பேச்சில்லாமல் இழுக்க வேண்டாம்.

ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாள். காட்டுத் தீம் வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். (கோவை)

நல்ல தீம். சிங்கம், புலி என்று பயமுறுத்தாமல், ஒளிந்து விளையாடும் முயல் ஒன்றை நாயகனாக்குங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வித்தையின் நுட்பம் முக்கியமில்லை. "அங்கிள், பின்னாடி இருக்கு!" என்று கத்துவதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். மேஜிக்காரருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிகிறது என்பது பெரிய சந்தோஷம், அதை மூன்று நான்கு முறையாவது கொடுங்கள். கடைசி வித்தை பிறந்தநாள் குழந்தையின் கையில் நடக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். கேக் வெட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அப்புறம் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் தீமில் ஒரு ஷோ. ரகசியத்தைச் சொல்லலாமா? (அறிவியல் ஆசிரியை, விருதுநகர்)

இதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. பி. பிரேமானந்த் (1930–2009) கோழிக்கோட்டில் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்தவர். வெறுங்கையில் விபூதி வரவழைப்பது போன்றவற்றைக் கிராமம் கிராமமாகச் செய்துகாட்டி, அது அற்புதம் அல்ல, வித்தை என்று விளக்கினார். அந்த வித்தைகளை அற்புதம் என்று சொல்லிச் சிலர் மக்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் அவர் ரகசியத்தை உடைத்தார். மேடைக் கலைஞர்கள் பிழைப்புக்காகச் செய்யும் வளைய வித்தை, கயிற்று வித்தைகளின் ரகசியத்தை உடைப்பது வேறு, அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்களுக்குப் பாடப்புத்தகமே போதும். தண்ணீர் நிறைந்த தம்ளரை அட்டையால் மூடித் தலைகீழாகத் திருப்பி, கையை எடுங்கள். அட்டை விழாது. முதலில் முழு மேஜிக்காகவே செய்யுங்கள், மந்திரம்கூடச் சொல்லலாம். அப்புறம் "மந்திரமா, வேறு ஏதாவதா?" என்று கேட்டுப் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். மந்திரம் சொல்லாமல் செய்து பார்க்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். சோதனை என்பது அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. காற்றழுத்தம் என்று நீங்கள் சொல்வது கடைசியில் வரட்டும். தானாகத் தீப்பற்றும் ரசாயன வித்தைகளைத் தவிருங்கள். பார்த்த பிள்ளை வீட்டில் செய்து பார்க்கும்.

மனதைப் படிக்கும் ஸ்டைலில் செய்கிறேன். எனக்குச் சக்தி இருக்கிறது என்று சொன்னால் எடுபடும்போல் இருக்கிறதே? (சேலம்)

எடுபடும், அதனால்தான் கூடாது. ஷோ முடிந்ததும் ஒரு தாய் உங்கள் கையைப் பிடித்து, காணாமல் போன மகன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கவனிப்பு, ஞாபகசக்தி, ஊகம் என்று சொல்லிச் செய்யுங்கள். சுவாரசியம் கொஞ்சமும் குறையாது.

கல்யாண வரவேற்பில் மேஜிக். தீம் என்ன வைப்பது? (சென்னை)

முதலில், எதைச் செய்யக் கூடாது என்பது. கத்தரிக்கோல் எடுத்து எதையும் வெட்டாதீர்கள், எரிக்காதீர்கள். மோதிரத்தையோ சங்கிலியையோ வாங்கி மறைக்கவே மறைக்காதீர்கள். திரும்பி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், மூன்றாவது வரிசையில் இருக்கும் அத்தைக்குத் தெரியாது. கறுப்பு உடையும் வேண்டாம். ஒன்றுசேர்வது, பெருகுவது, நிறம் கூடுவது என்று தேடுங்கள். வெள்ளைக் கைக்குட்டைகள் வண்ணமாவது, மொட்டு பூவாவது எல்லாம் பொருந்தும்.

மேடையில் பாட்டுக் கச்சேரி, கீழே போட்டோவுக்கு வரிசை, பக்கத்தில் சாப்பாட்டு அவசரம். மைக் பிடித்துக் கதை சொல்லி அங்கே ஜெயிக்க முடியாது. வரிசையில் நிற்பவர்களிடமும் மேஜைகளிடமும் போய் இரண்டிரண்டு நிமிடம் செய்யுங்கள். மணமக்களுக்கு ஒன்றே ஒன்று: பெண் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுகிறார், மாப்பிள்ளை இன்னொன்றில். முடிவில் ஒரே சீட்டு, ஒரு பக்கம் அவர் கையெழுத்து, மறுபக்கம் இவர் கையெழுத்து. சீட்டுக்கலை தெரிந்தவர்களுக்கு இது பழைய ஐட்டம்தான். ஆனால் இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடையாது. அந்தச் சீட்டைக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டிவைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் சொதப்புகிற காமெடி ஸ்டைல் சுலபமா? (திருநெல்வேலி)

இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான். பிரிட்டனின் டாமி கூப்பர் சிவப்புத் துருக்கித் தொப்பியோடு வித்தைகளைக் கெடுத்துக்கொண்டே இருப்பார். நிஜத்தில் நல்ல வித்தைக்காரர். மூன்று முறை கெடுத்தால் நான்காவது முறை அசத்தியாக வேண்டும். அது கைவசம் ஆனபிறகு முயன்று பாருங்கள்.

புறா வைத்துச் செய்தால்தான் மேஜிக் என்று தோன்றுகிறது. வாங்கலாமா? (ஓசூர்)

விலங்கு, பறவைகளை நிகழ்ச்சியில் காட்ட 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். நம் ஊர்க் கிளிகளை வளர்ப்பதற்கே வனவிலங்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. சட்டத்தை விடுங்கள்; கூட்டம், வெளிச்சம், பட்டாசுச் சத்தம், பைக்கில் ஊர் ஊராக அலைச்சல் என்று அந்தப் பறவை படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். துணியில் தைத்த கைப்பொம்மைப் புறா ஒன்று வாங்கி, அது கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கிற மாதிரி ஒரு மாதம் பழகுங்கள். கண்ணாடி முன்னால் இல்லாமல், போனில் வீடியோ எடுத்துப் பார்த்துப் பழகுவது நல்லது. கண்ணாடி முன்னால் நின்றால் நம் கண் கண்ணாடியிலேயே இருக்கும், பொம்மை எங்கே பார்க்கிறது என்பது தெரியவே தெரியாது.