சைக்கியாட்ரி என்றால் என்ன?

கேள்வி: சைக்காலஜி, சைக்கியாட்ரி இரண்டும் ஒன்றுதானா? ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாத நோய்களைப் பார்க்கும் துறையை மருத்துவத்தின் ஒரு கிளை என்று எப்படிச் சொல்வது?

பதில்: ஒன்றல்ல. மனித மனம் இயங்கும் விதத்தைப் பொதுவாக ஆராய்வது சைக்காலஜி, அதாவது உளவியல். சைக்கியாட்ரி என்பது மனநல மருத்துவம். உள்ளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் மருத்துவரைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து 1808-இல் இப்பெயரை உருவாக்கியவர் யோகான் கிறிஸ்டியன் ரைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர்.

மனநல மருத்துவர் முதலில் பொது மருத்துவம் பயின்று, அதன் பிறகே இத்துறையில் சிறப்புப் படிப்பு படிக்கிறார். அந்தப் பொது மருத்துவப் படிப்பு வீண் போவதில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை, எப்போதும் அசதியாக இருக்கிறது என்று ஒருவர் வந்தால், மருத்துவர் அவருடைய கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். குளிர் தாங்க முடிகிறதா, உடல் எடை கூடியிருக்கிறதா என்று கேட்பார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதே காரணம். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வதும் உண்டு. 93, 86 என்று சொல்லி வருபவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதில் மருத்துவர் கவனிப்பது கணக்கை அல்ல, கவனம் நிலைக்கிறதா என்பதை.

இனி, பரிசோதனையில் தெரியாதது பற்றி. ஒற்றைத் தலைவலியும் எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டே மருத்துவர் அதை முடிவு செய்கிறார். அதை மருத்துவம் இல்லை என்று யாரும் சொல்லக் காணோம்! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மனநோய் இல்லங்களில், புத்தி பேதலித்து உடலும் செயலிழந்து இறந்தவர்கள் ஏராளம். அத்தகையோரின் மூளையில் சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் கிருமி இருப்பதை 1913-இல் நொகுச்சி, மூர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பென்சிலின் வந்த பின் அந்நோய் மனநல மருத்துவத்தின் கையை விட்டே போய்விட்டது. காரணம் விளங்கியவற்றைப் பிற துறைகளுக்குக் கொடுத்துவிட்டு, விளங்காதவற்றோடு நிற்கும் துறையைப் பார்த்து 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்பது அவ்வளவு நியாயமில்லை என்பேன்.

ரத்தப் பரிசோதனை இத்துறைக்கு அந்நியமும் அல்ல. மிதமிஞ்சிய மன எழுச்சிக்கு லித்தியம் பயன்படும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். இன்றும் அது வழக்கில் உள்ளது. ரத்தத்தில் அதன் அளவு சற்று மிகுந்தாலும் நஞ்சாகிவிடும் என்பதால், அதை உட்கொள்வோருக்கு லித்தியத்தின் அளவையும், சிறுநீரகமும் தைராய்டும் இயங்கும் நிலையையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தத்தில்தான் பரிசோதிக்கிறார்கள்.