பொதுச் சாவி எல்லோரிடமும் இருக்கும்போது செய்தி எப்படிப் பாதுகாப்பாக இருக்கும்?

கேள்வி: இணையத்தில் செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டப் பயன்படும் பொதுச் சாவியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். அதை வைத்துப் பூட்டிய செய்தியை அதே சாவியால் மற்றவர்கள் திறந்துவிட மாட்டார்களா?

திறக்க முடியாது. பொதுச் சாவி பூட்ட மட்டும்தான். திறக்க உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவி வேண்டும். இரண்டும் கணக்கால் பிணைந்தவை. 53-ஐயும் 61-ஐயும் பெருக்கினால் 3233 என்று யாரும் சொல்லிவிடலாம். 3233 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் சற்று நேரம் பிடிக்கும். ஆர்எஸ்ஏ என்ற பொதுச் சாவி முறையின் பலமே அதுதான்: பெருக்கி வந்த எண் பொதுச் சாவியில் இருக்கும், தனிச் சாவியைக் கண்டுபிடிக்க அந்த இரண்டு பகா எண்கள் வேண்டும். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க, ஒரே ஒரு பிராசஸர் கோர் (கணினிச் சில்லில் கணக்குப் போடும் ஒரு பகுதி) சுமார் 2,700 ஆண்டுகள் ஓடும் அளவுக்கு உழைப்பு தேவைப்பட்டது. இன்று புழங்கும் 2048 பிட் சாவியில் அந்த எண் 617 இலக்கம்!

இந்தக் கணக்கு மெதுவானது. அதனால் செய்தி முழுவதையும் இப்படிப் பூட்டுவதில்லை. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்ய மட்டும் இது பயன்படும். அப்புறம் அந்த ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் ஏஇஎஸ் போன்ற வேகமான முறை வேலையைப் பார்த்துக்கொள்ளும். முன்பின் சந்திக்காத இருவர், ஒட்டுக்கேட்கப்படும் கம்பி வழியாகவே ரகசியச் சாவியை உருவாக்கலாம் என்று 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியதை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

சரி, ஆபத்து எங்கே? கணக்கை உடைப்பதைவிட ஏமாற்றுவது எளிது. உங்கள் நண்பரின் சாவி என்று சொல்லி நடுவில் இருப்பவன் தன் சாவியைக் கொடுத்துவிட்டால், நீங்கள் அவனுக்கே பூட்டி அனுப்புவீர்கள். அவன் படித்துவிட்டு, நண்பரின் உண்மையான சாவியால் மறுபடி பூட்டி அனுப்புவான். இருவருக்கும் சந்தேகமே வராது. இணையதளங்களில் இதைத் தடுக்கத்தான், இந்தச் சாவி இந்தத் தளத்துடையதுதான் என்று உறுதி தரும் சான்றிதழ் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கேயே ஓட்டை விழுந்தால்? 2011-இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் ஒருவர் ஊடுருவி, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் உருவாக்கினார். ஈரானில் பலரின் ஜிமெயிலை உளவு பார்க்க அது பயன்பட்டது. பிரவுசர்கள் அந்த நிறுவனத்தின் சான்றிதழ்களை ஏற்க மறுத்தன. அதே ஆண்டு அது திவாலானது.

வாட்ஸ்அப், சிக்னல் ஆகிய இரண்டு செய்திச் செயலிகளிலும், ஒவ்வொரு தொடர்புக்கும் இருவரின் சாவிகளிலிருந்து உருவாகும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. முக்கியமான விஷயம் பேசும் ஆளிடம் அதை நேரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் பாதுகாப்பு அறிவிப்பையும் இயக்கி வையுங்கள். எண் மாறியதாக அறிவிப்பு வந்தால், புது போன் வாங்கினாரா என்று அவரையே அழைத்துக் கேட்ட பிறகு பேச்சைத் தொடருங்கள்.