வீட்டில் பெரியவர்கள்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு வலது மூட்டில் வலி. கைத்தடி எந்தக் கையில்? (திருமங்கலம்)

இடது கையில். தடியும் வலிக்கிற காலும் சேர்ந்தே முன்னால் போகணும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கப்போட்டால், பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்கவேண்டும். அடி ரப்பர் வழவழத்ததும் மாற்றுங்கள்.

குளியலறைக் கைப்பிடி மூன்றே மாதத்தில் பெயர்ந்து வந்துவிட்டது. எந்தக் கம்பெனி நல்லது? (செல்லூர்)

கம்பெனியில் ஒன்றுமில்லை, ஸ்க்ரூவில்தான் விஷயம். டைல்ஸ், அடிச்சாந்து, பூச்சு மூன்றும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஓர் அங்குலம். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ செங்கலுக்குள் இறங்கியது அரை அங்குலம்தான். அதை நம்பி எழுபது கிலோ ஆள் தொங்கினால் வராமல் என்ன செய்யும்?

ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்) செங்கலுக்குள் மட்டுமே இரண்டு, இரண்டரை அங்குலம் போகணும். செங்கல் இடுக்கில் துளை விழக்கூடாது. நாலரை அங்குலக் குறுக்குச்சுவர் என்றால் ஊடே துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குங்கள். மதுரை மாசி வீதிகள் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சாதா ஆங்கர் பிடிக்காது, பொடியாகக் கொட்டும், துளைக்குள் பசை செலுத்திப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர்தான். டைல்ஸைத் துளைக்கும்போது டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) வேண்டாம், விரிசல் விடும். கைப்பிடிக் குழாய் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலத் தடிமன். சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. அதற்கு மேல் விட்டால் வழுக்கும்போது முழங்கை உள்ளே மாட்டி எலும்பு முறியும். போட்டவரையே தொங்கிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.

துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. எத்தனை தடவை எழுதினாலும் அதைத்தான் பிடிக்கிறார்கள்! காற்றை உறிஞ்சி ஒட்டும் ரகமும் வேண்டாம்.

அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்? (மேலூர்)

வயது இல்லை, மாத்திரைப் பெயர் இல்லை, எப்போது சுற்றுகிறது என்றும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. படுத்து எழும்போது சுற்றினால், படுத்தபடி பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் அந்தக் கணக்கோடும் மாத்திரை அட்டைகளோடும் டாக்டரிடம் போங்கள். பிரஷர், நீர், தூக்க மாத்திரைகள் இதைச் செய்யும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தால் இன்னும் கூடும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அதுவரை, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துதான் எழணும்.

வழுக்காமலிருக்க சாக்ஸ் போதுமா? (உசிலம்பட்டி)

மொசைக் தரையில் சாக்ஸ்தான் வழுக்கும். பின்வார் வைத்த ரப்பர் செருப்பு, வீட்டுக்குள் மட்டும்.

தனியாக இருக்கும் பெரியம்மா குளியலறையைத் தாழிடலாமா? (ஆரப்பாளையம்)

கூடாது. கதவு உள்பக்கம் திறந்தால் விழுந்தவர் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். வெளியிலிருந்தும் திறக்கிற தாழ் போடுங்கள். 14567, முதியோர் உதவி எண், செல்போனில் ஏற்றிவிடுங்கள். விழுந்து அடிபட்டால் 108.

மகன் பெயருக்கு வீட்டை எழுதலாமா? (சோழவந்தான்)

இதற்கு நான் ஆள் இல்லை. எழுதுவதானால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச்சொல்லி வக்கீலைக் கேளுங்கள். மகன் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழிவிடுவது 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு; அதற்கு அந்த வரி வேண்டும்.